எழுபது இருக்கைகளுக்கும் இரண்டு விமானிகள்

காலை நடைக்குப் பிறகு திருவேங்கடம் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே நான் உட்காரும் தேநீர்க் கடைக்கு, தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் வருவார். வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்த செய்தி நாளிதழ்களில் வந்த மறுநாள் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குத் தூண்டுதல்: "சார், ரன்வே பெருசாயிட்டுல்லா, இனிமே டிக்கெட்டு கொறையுமா?"

கேள்வி நியாயமானது. சுமார் 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஏறத்தாழ 450 கோடி ரூபாய் செலவு. 2025 ஜூலை 26 அன்று திறப்பு விழா. இதுவரை ஏ.டி.ஆர்., கியூ-400 போன்ற, சுழல்விசிறி பூட்டிய எழுபது, எண்பது இருக்கை விமானங்கள் மட்டுமே வந்துபோன இடத்தில், இனி 180 இருக்கைகளுக்கு மேல் கொண்ட ஏர்பஸ் ரக விமானங்களும் இறங்கலாம். எங்களூர்க்காரர்கள் சென்னைக்குப் போவதென்றால் சங்கரன்கோவிலில் பொதிகை ரயில் ஏறுவார்கள். அது கிடைக்காவிட்டால் கோவில்பட்டிக்குப் போய் இரவுப் பேருந்து. விமானம் என்றால் மதுரை அல்லது வாகைக்குளம். எதுவானாலும் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே, விமானக் கட்டணம் இறங்குமா என்பது எங்களுக்குக் காகிதக் கேள்வி அல்ல. அறுவைச் சிகிச்சைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் விசா அலுவலகத்துக்கும் அவசரமாகப் போகிறவர்களின் கேள்வி.

நண்பருக்கு அன்று நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலைச் சொல்ல, சிற்றூர்களுக்குப் பறக்கும் சிறு விமானங்களின் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். அதன் மையத்தில் இருப்பது எரிபொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். எரிபொருள் பெரிய செலவுதான். ஆனால், பெரிய விமானத்துக்கும் சிறிய விமானத்துக்கும் இடையே முடிச்சு விழும் இடம் வேறு. அது ஆட்களின் சம்பளம்.

சிற்றுந்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து இருக்கை கொண்ட சிற்றுந்துக்கும் ஓர் ஓட்டுநர், ஒரு நடத்துநர். ஐம்பத்தைந்து இருக்கை கொண்ட அரசுப் பேருந்துக்கும் ஓர் ஓட்டுநர், ஒரு நடத்துநர். வண்டி பாதியாகச் சுருங்கினாலும் ஓட்டுநர் பாதியாகச் சுருங்குவதில்லை. சிற்றுந்து உரிமையாளர் நடத்துநரை நீக்கிவிட்டுத் தாமே சீட்டுக் கிழித்துச் சமாளிக்கலாம். வானத்தில் அதற்கு வழியில்லை. ஐம்பது இருக்கை ஜெட் விமானமானாலும், எழுபது இருக்கை ஏ.டி.ஆர். ஆனாலும், 180 இருக்கை ஏர்பஸ் ஆனாலும் முன்னறையில் இரண்டு விமானிகள் இருந்தே தீர வேண்டும். பயணிகள் அறையில் பணிபுரிபவர்களின் எண்ணிக்கை ஓரளவு இருக்கைக்கேற்ப மாறும்: ஏறத்தாழ ஐம்பது இருக்கைக்கு ஒருவர். விமானிகளின் எண்ணிக்கையோ மாறவே மாறாது.

ஒரு கணக்குக்காக, எண்களை நானே வைத்துச் சொல்கிறேன். சென்னைக்கு ஒரு நடைக்கு இரண்டு விமானிகளுக்கும் சேர்த்து, பயிற்சி, தங்குமிடம், விடுப்பு எல்லாம் உட்பட 30,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். 180 இருக்கை விமானம் நிரம்பினால் ஒரு பயணியின் தலையில் விழுவது 167 ரூபாய். எழுபது இருக்கை விமானம் நிரம்பினால் 429 ரூபாய். ஐம்பது பேர்தான் ஏறினார்கள் என்றால் 600 ரூபாய். இருக்கைக்கான விமானிச் செலவு இரண்டு விமானங்களிலும் ஒன்றாக வேண்டுமானால், சிறிய விமானத்தின் விமானி பெரிய விமானத்தின் விமானி வாங்குவதில் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக வாங்க வேண்டும். அதே உரிமம், அதே மருத்துவப் பரிசோதனை, அதே மழைமேகம், அதே பொறுப்பு. எந்த மனிதர் எத்தனை ஆண்டுகளுக்கு இதற்குச் சம்மதிப்பார்?

பொருளியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகளைப் பற்றி எழுதிய நூலில் எடுத்துச் சொன்னது. பின்னாளில் 'பாமோலின் செலவு நோய்' என்று பெயர் பெற்றது. வகுப்பில் இதை விளக்க நான் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வரும் நாகஸ்வரக் குழுவைத்தான் எடுத்துக்கொள்வேன். நூறாண்டுக்கு முன்பும் இரண்டு மணி நேர வாசிப்புக்கு இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், இன்றும் அப்படியே. தீப்பெட்டி ஆலையில் இயந்திரம் வந்து ஓர் ஆளின் உற்பத்தி பெருகிவிட்டது. நாகஸ்வரக்காரரின் 'உற்பத்தி' பெருகவில்லை. அதற்காகப் பழைய சம்பளத்தையே கொடுத்தால் அவர் மகன் ஆலைக்குப் போய்விடுவான். எனவே சம்பளம் ஏறும்; கச்சேரியின் விலை ஏறும். சிறிய விமானத்தின் விமானியும் இந்த நாகஸ்வரக்காரர்தான். பெரிய விமானம் வந்து ஒரு விமானி சுமக்கும் பயணிகளின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போகிறது. சிறிய விமானத்தில் அது அங்கேயே நிற்கிறது. சம்பளம் மட்டும் அங்கேயே நிற்க முடியாது.

"இந்தியாவில் விமான நிறுவனங்களின் செலவில் சம்பளம் சிறு பங்குதானே?" என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். உண்மைதான். இண்டிகோவின் 2023-24 கணக்கில் பணியாளர் செலவு, வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அமெரிக்க நிறுவனங்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால், இண்டிகோவின் அந்தச் சராசரி பெரும்பாலும் ஏர்பஸ் விமானங்களால் ஆனது. சராசரிக்குள் சிறிய விமானம் மறைந்துவிடுகிறது. சராசரி ஆழம் நான்கடி என்ற ஆற்றை நம்பி இறங்கியவரின் கதைதான்.

அமெரிக்கா இந்த முடிச்சை ஒரு காலத்தில் சாமர்த்தியமாக அவிழ்த்துவிட்டதாக நினைத்தது. 1978-இல் விமானத் துறைக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு, பெரு நிறுவனங்கள் சிற்றூர்ச் சேவையைத் தனி நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. விமானத்தின் வாலில் பெரு நிறுவனத்தின் வண்ணம். விமானியின் சம்பளச் சீட்டில் வேறொரு நிறுவனத்தின் பெயர், மிகக் குறைந்த தொகை. 1992-இல் பம்பார்டியரின் ஐம்பது இருக்கை ஜெட் சேவைக்கு வந்ததும் இந்த ஏற்பாடு பரவியது. தங்கள் வேலை பறிபோகும் என்று அஞ்சிய பெரு நிறுவன விமானிகளின் சங்கங்கள், துணை நிறுவனங்கள் எத்தனை இருக்கை, எத்தனை எடை கொண்ட விமானம் வரை இயக்கலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் எல்லை வரைந்தன. இன்று அந்த எல்லை பெரும்பாலும் 76 இருக்கை, 86,000 பவுண்டு. அதாவது சுமார் 39 டன்.

தொழிற்சங்க ஒப்பந்தத்தின் ஒரு வரி எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். மிட்சுபிஷி நிறுவனம் ஐம்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஜப்பானில் ஒரு பயணிகள் விமானத்தை உருவாக்க முனைந்தது. 2015-இல் அது பறந்தும் காட்டியது. ஆனால், அதன் எடை அந்த எல்லையைத் தாண்டியது. சங்கங்கள் எல்லையைத் தளர்த்தும் என்று எதிர்பார்த்தார்கள், தளர்த்தவில்லை. 2023 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. காரணங்கள் பல, அவற்றுள் இது முக்கியமான ஒன்று. பிரேசிலின் எம்பரேயர் தனது இ-175 விமானத்தின் புதிய தலைமுறையை 2022-இல் நிறுத்திவைத்ததற்கும் இந்த எடை வரம்பே பெருங்காரணம். ஒரு விமானத்தின் உருவத்தைக் காற்றியக்கவியல் மட்டுமே செதுக்குகிறது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

குறைந்த சம்பளத்தில் நின்ற அந்த ஏற்பாடு 2009 பிப்ரவரி 12 இரவு ஆட்டம் கண்டது. நியூஜெர்ஸியின் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் நிறுவனத்தின் கியூ-400 விமானம் வீடொன்றின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். விமானிகளின் தவறான கையாளுகையே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால், விசாரணையில் வெளிவந்த பிற செய்திகள்தாம் மக்களை உலுக்கின. துணை விமானி, நாட்டின் மறுகரையிலிருந்து இரவெல்லாம் வேறு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். பணியிடத்துக்கு அருகே குடியிருக்கப் போதிய சம்பளம் இருந்ததா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 2010-இல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவம் கட்டாயமானது. குறைந்த சம்பளத்துக்கு இளைஞர்கள் வரிசையில் நின்ற காலம் முடிந்தது. கொரோனாவுக்குப் பிறகு விமானிப் பற்றாக்குறை முற்றியபோது, 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் கொடுக்க முன்வந்தன. பல சிற்றூர்கள் விமான சேவையை இழந்தன. சம்பள இடைவெளி மூடியதும் ஐம்பது இருக்கை ஜெட்டின் கணக்கும் மூடியது.

நம் நாட்டில் கதை வேறு வழியில் சென்று அதே இடத்துக்கு வந்தது. வாயுதூத், என்.இ.பி.சி. ஆகியவற்றின் காலத்தை இங்கே விட்டுவிடுகிறேன். நம் தென்மாவட்டத்தாருக்கு நெருக்கமானது பாரமவுண்ட் ஏர்வேஸ். மதுரையின் ஜவுளித் தொழில் குழுமம் ஒன்று 2005 அக்டோபரில் தொடங்கியது. எம்பரேயர் 170 ரக ஜெட் விமானங்கள், எழுபது இருக்கைகள், எல்லாமே வணிக வகுப்பு. இந்தத் தேர்வுக்குப் பின்னால் கூர்மையான கணக்கு இருந்தது. எண்பது இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. பெரிய விமானங்களின் எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் 29 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி இருந்த காலத்தில், 40 டன்னுக்குக் குறைவான விமானங்களுக்கு 4 விழுக்காடு போதும் என்று 2007-இல் மத்திய அரசு வழிசெய்தது. அமெரிக்காவில் தொழிற்சங்கம் வரைந்த கோட்டுக்கு மிக அருகில், இங்கே வரித்துறை ஒரு கோடு வரைந்தது. இரண்டு கோட்டுக்கும் கீழே எம்பரேயர் கச்சிதமாக நுழைந்தது.

வரியில் கிடைத்த சலுகை பெரிது. ஆனால், எம்பரேயர் ஓட்டப் பயிற்சி பெற்ற விமானிகள் அன்று இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு ரக விமானத்தை ஓட்டுபவர் மற்றொரு ரகத்துக்கு மாற வேண்டுமானால் தனிப் பயிற்சி, தனிச் சான்று வேண்டும். ஐந்தாறு விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனம் அந்தச் செலவை ஐந்தாறு விமானங்களின் மீதுதான் பரப்ப முடியும். நூறு ஏர்பஸ் வைத்திருப்பவர் நூறின் மீது பரப்புவார். பாரமவுண்டை வீழ்த்தியது விமானிகளின் சம்பளம் என்று நான் சொல்லவில்லை. விமானங்களைக் குத்தகைக்குத் தந்தவர்களோடு ஏற்பட்ட வழக்கில் 2010-இல் அதன் சேவை நின்றது. விஜயவாடாவைத் தளமாகக் கொண்டு 2013-இல் எம்பரேயர் விமானங்களோடு வந்த ஏர் கோஸ்டாவும் 2017 பிப்ரவரியில் நின்றது. ஆனால், குத்தகைத் தவணை கட்ட முடியாமல் போகும் நிறுவனம் அதற்கு முன்பே ஒவ்வொரு நடையிலும் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கும். அந்த இழப்பின் ஊற்றுக்கண்களுள் ஒன்று முன்னறையில் இருக்கிறது.

இன்னொன்று, தேடிப் பயிற்சி கொடுத்த ஆள் நிலைப்பதில்லை. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சங்கரன்கோவில் பக்கத்தில் நிலத்தை அடமானம் வைத்து மகனை விமானிப் பயிற்சிக்கு அனுப்பினார். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மணிக்கணக்கில் பணம். பிறகு ரகப் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம். பையனுக்குச் சிறிய விமானத்தில் துணை விமானி வேலை கிடைத்தது. ஓராண்டில் ஒரு விமானி பறக்கக்கூடிய உச்ச வரம்பு 1,000 மணி நேரம். ஆகவே, இரண்டு, இரண்டரை ஆண்டில் 1,500 மணி நேரம் சேர்ந்துவிடும். உயர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய விமானத்தின் கதவு அப்போது திறக்கும். "சின்ன பிளைட்லயே இருந்தா கடன் எப்ப அடையும், சார்?" என்று தந்தை கேட்டார். பையன் போவது சரியா என்று என்னிடம் கேட்கவில்லை. போவது என்று முடிவாகியிருந்தது. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

இதனால்தான் விமானியாக இருப்பவர் வேலையை விட ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும், துணை விமானி ஆறு மாதம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2017-இல் விதித்தது. சிறிய நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பள்ளியாகின்றன என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது என்பேன். ஆளைக் கட்டிப்போடும் விதியால் பற்றாக்குறை தீராது, தள்ளிப்போகும், அவ்வளவுதான். 2023-இல் ஆகாசா ஏர், முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் சென்றுவிட்டதாக தில்லி உயர்நீதிமன்றத்துக்கே போனது. அதுவோ போயிங் 737 இயக்கும் நிறுவனம். ஏ.டி.ஆர். நிறுவனத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

குறுந்தூரப் பயணத்துக்கு மற்றொரு சுமையும் உண்டு. விமானியின் ஒரு நாள் பணிநேர வரம்பு, எத்தனை முறை தரையிறங்குகிறார் என்பதைப் பொறுத்துச் சுருங்கும்: இரண்டு முறை என்றால் 13 மணி நேரம், ஆறு முறை என்றால் 11. நியாயமான விதி, உடல் களைக்கும் வேலை ஏறுவதும் இறங்குவதும்தான். ஆனால், சிறிய விமானம் ஓடுவதே ஏறி இறங்கி. பயணிகள் ஏறும்வரை காத்திருக்கும் அரை மணியும் பணிநேரத்தில் சேரும். அந்த அரை மணியில் ஒரு கிலோமீட்டர்கூட விற்பனையாவதில்லை. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்து வந்த புதிய விதிகளுக்குப் போதிய விமானிகளைத் தயாரித்து வைக்காமல், 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது விதியைத் தளர்த்தியதுதான் எனக்கு வருத்தம். கோல்கன் விபத்து கற்றுக்கொடுத்தது அதுவல்ல.

'உடான்' திட்டத்துக்கு வருவோம். 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் முதல் விமானம் பறந்தது. விமானத்தின் பாதி இருக்கைகளை வரம்புக்குட்பட்ட கட்டணத்தில் தர வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய். அதனால் ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். எரிபொருள் வரியும் விமான நிலையக் கட்டணமும் குறையும். திட்டத்தின் விளைவைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை சொல்கிறது: மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கின. மூன்றாண்டு நிறைவு செய்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54.

சேலத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. மூன்றாண்டில் நின்றது. பிறகு நிறுவனமே நின்றது. 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்கள் வரும்வரை கட்டடமும் ஓடுதளமும் காவலர்களும் மட்டும் இருந்தனர். மூன்றாண்டு என்ற காலக்கெடு, 'அதற்குள் வழித்தடம் சொந்தக் காலில் நின்றுவிடும்' என்ற நம்பிக்கையில் வைத்தது. பயணிகள் கூடுவார்கள் என்பது சரி. ஆனால், இரண்டு விமானிகள் என்ற செலவு மூன்றாண்டில் ஒரு விமானி ஆகிவிடாது. அந்த மூன்றாண்டில் அவர்கள் அனுபவம் பெற்று விலை உயர்ந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அமெரிக்கா 1978-இல் சிற்றூர் விமான சேவைக்குத் தொடங்கிய மானியத்தை இன்றும் கொடுத்துவருகிறது. ஐரோப்பாவில் தீவுகளுக்கும் மலைப்பகுதிகளுக்கும் பொதுச்சேவைக் கடமை என்ற பெயரில் ஒப்பந்தம் போடுகிறார்கள், முடிந்தால் புதுப்பிக்கிறார்கள். வீண்செலவு என்ற குற்றச்சாட்டு அங்கேயும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால், இது சேவை, இதற்குத் தொடர்ந்து பணம் வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் சேவையை வணிகம் என்று சொல்லித் தொடங்கி, மூன்றாண்டு கழித்து வணிகம் நடக்கவில்லை என்று வியக்கிறோம். என் கருத்தில், எந்த வழித்தடம் சமூகத் தேவை என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கு இருக்கைக் கணக்கில் அல்லாமல் நடைக் கணக்கில், பத்தாண்டு ஒப்பந்தத்தில் பணம் தர வேண்டும். விமானிச் செலவு நடைக்குத்தான் வருகிறது, இருக்கைக்கு அல்ல. தகுதி இல்லாத வழித்தடங்களைத் தொடங்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் ரயில் விடலாம்.

வாகைக்குளத்தில் பெரிய விமானம் இறங்கும் நாளை எண்ணிப் பாருங்கள். மூன்று ஏ.டி.ஆர். நடைகள் 210 இருக்கைகள். ஆறு விமானிகளின் வேலை. அவற்றுக்குப் பதில் ஒரே ஏர்பஸ் நடை என்றால் 180 இருக்கைகள், இரண்டு விமானிகள். நிறுவனத்துக்கு இது இனிக்கும். இருக்கைக்கான செலவு இறங்கும். போட்டி இருந்தால் கட்டணமும் இறங்கலாம். ஆனால், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுச் சென்னையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப நினைக்கும் கோவில்பட்டிக்காரருக்கு, ஒரு விமானம் நண்பகலில் வந்து நண்பகலில் போனால் பயனில்லை. அவர் ஒரு இரவு சென்னையில் தங்க வேண்டும். அறை வாடகையில் டிக்கெட் மிச்சம் கரைந்துவிடும். பெரிய விமானம் தருவது மலிவு, சிறிய விமானம் தருவது நேரம். இரண்டும் வேண்டுமென்றால் பெரிய விமானமே காலையிலும் மாலையிலும் நிரம்ப வேண்டும். தூத்துக்குடி துறைமுகமும் அதைச் சுற்றி வரும் தொழில்களும் அந்த அளவுக்கு ஆட்களைத் தருமா என்பதில்தான் 450 கோடியின் எதிர்காலம் இருக்கிறது. விமான நிலைய ஆலோசனைக் குழுவில் இருப்பவர்களும் எங்கள் பகுதிச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் புதிய நிறுவனங்களை வரவேற்கும்போது கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டும் அல்ல. காலை ஒன்று, மாலை ஒன்று உண்டா என்றும் கேட்க வேண்டும்.

தீப்பெட்டி ஆலை நண்பரிடம் இதையெல்லாம் இரண்டு நாள் தவணையில் சொல்லி முடித்தேன். டிக்கெட் குறையலாம், காலை விமானம் போய்விடலாம் என்பதுதான் சுருக்கம். பொறுமையாகக் கேட்டவர், அடுத்த மாதம் மகளின் கலந்தாய்வுக்குச் சென்னை போக வேண்டும் என்றார். பொதிகையில் முன்பதிவு தொடங்கி எட்டு நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிட்டதாம். அதற்கு என்ன பொருளாதாரம் என்று கேட்டுவிட்டுத் தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்தார்.